குளிர் அறைக் குறிப்பேடு

“கட்டுரையில மெக்கானிக் பேரும் வரணும் சார்.”

பேராசிரியரின் பேனா அப்படியே நின்றது. ‘பட்டத்துக்கு அவர் கையெழுத்துப் போடற வரைக்கும் வாயைத் திறந்து எதையும் கேட்டுடாதேடி’ என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான்.

கேட்டாயிற்று... இனி விழுங்க முடியாது.

ஜன்னலில் மழை. அன்றும் இப்படித்தான்... சொட்டச் சொட்ட நனைந்து, கருவிப் பெட்டியோடு அந்த மெக்கானிக் அவளுடைய ஆய்வு நாற்றுகள் இருந்த குளிர் அறைக்குள் வந்தான்.

“யோவ், கதவைச் சாத்து! குளிர் வெளிய போகுது!”

“இருந்தாத்தானேங்க போகும்? மெஷின் படுத்துடுச்சுன்னுதானே கூப்பிட்டீங்க?”

வாய் சிரிக்கவில்லை. ஈர இமைகளுக்கு அடியில் கண்கள் சிரித்தன... பாழாய்ப் போன கண்கள்!

பாதிக் கோதுமை நாற்றுகளுக்கு அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைத் தெளித்திருந்தாள். மீதிக்கு வெறும் தண்ணீர். உறைபனியில் தண்ணீர் நாற்றுகள் செத்துவிடும் என்பது கணிப்பு. மெஷினோ சட்டென்று குளிராமல், பன்னிரண்டு நாள் இழுத்து இழுத்துக் குளிர்ந்தது. உதிரி பாகம் வரும்வரை அவன் கூடவே இருந்து, மணிக்கொரு தடவை வெப்பநிலையை நோட்டில் குறித்தான். கடைசியில் உறைபனியில் வைத்துப் பார்த்தால்... எல்லா நாற்றுகளும் பச்சையாக நின்றன.

“இதுக்குத்தான் மருந்தே அடிக்கலையே, எப்படிங்க பொழைச்சுது?”

“மெல்ல மெல்லக் குளிர்ந்தா அந்த ஹார்மோனை அதுவே சுரந்துக்கும்.”

“அப்ப கோபத்தையும் மெல்ல மெல்லக் காட்டுங்களேன்... நானும் பொழைச்சுக்குவேன்.”

நெஞ்சு குப்பென்று பூத்தது. அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தில்தான் சொன்னாள்: “படிச்சவங்ககிட்ட அளந்து பேசுங்க.”

அந்தக் கண்கள் அணைந்தன. நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனவன்தான். இரண்டு மாதமாயிற்று. அந்த எழுத்தை எத்தனை தடவை தடவிப் பார்த்திருப்பாள்...

“அவர் குறிச்ச நம்பர் இல்லேன்னா இந்தக் கட்டுரையே இல்லை சார்.”

“மெக்கானிக் பேரைப் போட்டா ஊரே சிரிக்கும். அப்படி யாரும்மா அவன் உனக்கு?”

“கட்டிக்கணும்னு நினைக்கிறவர். அவருக்கே இன்னும் தெரியாது.”

“விளையாடறியா? இப்படியே அடம் பிடிச்சா என் கையெழுத்து கிடைக்காது!”

“அவர் பேரைப் போட்டுட்டுக் கூப்பிடுங்க சார். வர்றேன்.”

படியிறங்கினாள். அவன் பட்டறை இரண்டு தெரு தள்ளி. முதலில் மன்னிப்பு. அப்புறம்... அதையும் அவளே சொல்லிவிடுவாள். மழைக்குள் நடந்தாள்.