வீட்டுக்காரர் மிதி

வண்டி இந்தத் தடவையும் லிட்டருக்குப் பதினான்குதான் கொடுத்தது. சேந்தமங்கலத்தில் இதே வண்டியை வைத்திருக்கிற மற்றவர்கள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று டீக்கடையில் அளந்துகொண்டிருக்க, அர்த்தநாரி மட்டும் பேச்சு மைலேஜ் பக்கம் திரும்பினால் போதும், மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். மனுஷனுக்கு அவ்வளவு அவமானம்.

அதில் தன் தப்பு துளியும் இல்லை என்பது அவர் கட்சி. வண்டி ஓட்டுவது அவர் மனைவி பூங்கோதை. அவர் கொல்லிமலை மிளகுக் கிடங்கு வேலைக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய் வருகிறவர், அவ்வளவுதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் கண்ணில் நீர் அழுத்தம் கூடிப் பக்கப் பார்வை போய்விட்டது. ஓட்டுநர் உரிமத்தை அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சாவியை மனைவி கையில் கொடுத்தவர், கேட்காமலே ஒரு அபிப்பிராயத்தையும் சேர்த்துக் கொடுத்தார். அவளுக்குக் கால் கனமாம். ஆக்சிலேட்டரை மிதிக்கத் தெரியாமல் மிதிக்கிறாளாம், எரிசாறு எல்லாம் அதில்தான் போகிறதாம். இதை அவர் ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பூங்கோதையும் ஐந்து வருடமாகப் பதில் பேசாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

இத்தனைக்கும் இது மீளுலோக வண்டி. மீளுலோகம் வந்தபிறகு பட்டறைகளில் சுத்தியல் சத்தமே அடங்கிவிட்டது. கதவில் கீறல் விழுந்தால் நாலு நாளில் தானே ஆறிவிடும். தேய்ந்த பாகம் நிறுத்தி வைத்திருக்கும்போதே வளர்ந்து நிரம்பிவிடும். எந்த இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுகிறதோ அந்த இடம் உள்ளங்கை காய்ப்புக் காய்க்கிற மாதிரி தடித்து, அந்த வேலைக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும். இப்படி வண்டி கற்றுக்கொள்கிற வடிவத்துக்கு உருநினைவு என்று பெயர். ஆறுவதற்கும் வளர்வதற்கும் கொஞ்சம் எரிசாறு குடிக்கும். கரும்பிலிருந்து எடுக்கிற அந்த எரிசாறு இரண்டு மாதமாக வண்டிக்கு மாதம் எழுபது லிட்டர்தான், பங்கீட்டு அட்டைக்கு மேல் ஒரு சொட்டு கிடையாது.

எழுபது லிட்டர் இருபத்திரண்டு மைலேஜுக்குத் தாராளம். பதினான்குக்கு மாதக் கடைசி வாரம் வண்டி வீட்டில் நின்றுவிடும். வண்டி நின்றால் பூங்கோதையின் பள்ளிக்கூடம் நின்றது என்று அர்த்தம். கொல்லிமலையில் சோளக்காட்டைத் தாண்டிய ஒரு சிற்றூரில் பத்தொன்பது பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான் டீச்சர். மலைக்குப் போகிற பேருந்து காலை பத்து மணிக்குத்தான் கிளம்பும். போன இரண்டு மாதமும் கடைசி வாரத்தில் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. டீச்சர் ஒழுங்காக வர முடியாவிட்டால் பள்ளியை மூடி, பிள்ளைகளைக் கீழே விடுதியில் சேர்த்துவிடலாம் என்று கல்வி அதிகாரி சொல்லிவிட்டார். அரையாண்டுத் தேர்வு வரைக்கும் தவணை. இரண்டு மாதம் கூட முழுசாக இல்லை.

"ஏழு வயசுப் பிள்ளையை எந்தத் தாய் விடுதிக்கு அனுப்புவா? பாதிப் பேரு படிப்பை நிறுத்திடுவாங்க" என்றாள் பூங்கோதை. அர்த்தநாரிக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்க வேண்டுமே, காலைக் கொஞ்சம் லேசாக வைக்கக் கூடாதா என்று அப்போதும் சொல்லி வைத்தார். அன்றைக்குப் பூங்கோதை அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டாள்.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வருகிற சோதனைக்கு நாமக்கல் பராமரிப்பு நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோனார்கள். அங்கே உருநினைவு பார்க்கிற பொறியாளர் மெகருன்னிசா. முப்பது வயது இருக்கும், பேச்சில் அவசரமே இல்லாத பெண். மைலேஜையும், மலைப் பள்ளி டீச்சர் வண்டி என்ற குறிப்பையும் பார்த்ததும், "மலைக்குத் தினமும் யாருங்க ஓட்டறது?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுலதான்" என்றார் அர்த்தநாரி. அந்த இரண்டு வார்த்தையில் வழக்கு, விசாரணை, தீர்ப்பு எல்லாம் இருந்தது.

மெகருன்னிசா திரையில் வண்டியின் உருநினைவுப் படத்தை விரித்தாள். எங்கெங்கே உலோகம் வளர்ந்திருக்கிறதோ அங்கெல்லாம் மஞ்சளாகத் தெரியும். ஓட்டுநர் சீட்டின் இடது ஓரம் மஞ்சள். பூங்கோதைக்கு இடுப்பு எலும்பில் பழைய முறிவு ஒன்று உண்டு. சீட் அவள் இடுப்பை அணைத்துப் பிடிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுத்திருந்தது. அந்தப் பிடிப்பு இல்லையென்றால் எழுபது கொண்டை ஊசி வளைவு அவளால் ஆகாது. அதற்குச் செலவான எரிசாறு ஒரு டம்ளர் அளவுதான் என்றாள் மெகருன்னிசா. பிறகு படத்தைத் திருப்பினாள். பக்கத்து சீட்டின் தரை தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது.

அவள் வண்டிக்குள் குனிந்து, அர்த்தநாரி கால் வைக்கிற ரப்பர் விரிப்பைத் தூக்கினாள். தரையிலிருந்து கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மிதி முளைத்திருந்தது. வட்டமாக, வழவழப்பாக, அவருடைய வலது குதிகாலுக்கு அளவெடுத்த மாதிரி.

"ஐயா, டீச்சர் ஓட்டும்போது நீங்க காலை அழுத்துவீங்களா?"

அர்த்தநாரி அழுத்துவாரா என்றா கேட்பது! முன்னால் ஒரு லாரி தெரிந்தால் அழுத்துவார். வளைவு வந்தால் அழுத்துவார். ஆடு குறுக்கே வரலாம் என்று தோன்றினாலே அழுத்துவார். இருபது வருடம் ஓட்டிய கால், சும்மா இரு என்றால் இருக்குமா? வெறும் தரையைத்தானே மிதிக்கிறோம், யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர் நினைத்திருந்தார். மீளுலோகம் அப்படி நினைக்கவில்லை. ஒரு மனிதர் தினமும் நூற்று நாற்பது தடவை ஒரே இடத்தை மிதித்தால், அவருக்கு அங்கே ஏதோ வேண்டியிருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. பாவம், கேட்டதைக் கொடுத்தது. மிதியிலிருந்து ஒரு தண்டும் வளர்ந்து உள்ளே போய்ப் பிரேக்கைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"அரைகுறையா வளர்ந்த தண்டுங்க ஐயா. நீங்க மிதிச்சாலும் மிதிக்காட்டியும் உரசிக்கிட்டேதான் இருக்கும். டீச்சர் இத்தனை நாளும் பிரேக்கை இழுத்துக்கிட்டே மலை ஏறியிருக்காங்க."

பூங்கோதை கணவன் பக்கம் திரும்பவே இல்லை. மெகருன்னிசாவைப் பார்த்துத்தான் கேட்டாள். "அப்ப என் கால் கனம் இல்லைங்களா?"

"இல்லைங்க டீச்சர்."

பூங்கோதை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அர்த்தநாரி நின்ற இடத்திலேயே கூனிப்போனார். ஊரில் பத்து வண்டிக்கு ஆறு வண்டியில் இந்த மிதி இருக்கிறது என்றும், நிறுவனத்துப் புத்தகத்தில் இதற்குப் பெயர் இல்லாததால் தாங்களே வீட்டுக்காரர் மிதி என்று வைத்துக்கொண்டதாகவும், ஒரு கூட்டுக் குடும்பத்து வண்டியில் பின்சீட்டிலும் இரண்டு முளைத்திருந்ததாகவும் மெகருன்னிசா ஆறுதலுக்குச் சொன்னாள். அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

உருநினைவைத் துடைத்துவிட்டால் மிதி மூன்றே நாளில் போய்விடும். ஆனால் துடைப்பு என்றால் மொத்தமாகத் துடைப்பதுதான். டீச்சரின் இடுப்புக்கு வளைந்த சீட்டும் கடையில் வாங்கிய நாள் மாதிரி நேராகிவிடும். மறுபடி வளைய இரண்டு வருடமாகும். இன்னொரு வழி இருந்தது. மீளுலோகம் பயன்படாததைத் தானே கரைத்துக்கொள்ளும். ஆனால் ஆளில்லாத சீட்டை அது கணக்கில் எடுக்காது. அதே ஆள், அதே இடத்தில், அதே வழியில், பாதத்தை அந்த மிதியின் மேலேயே வைத்துக்கொண்டு, மிதிக்காமல் வர வேண்டும். ஏழு வாரம் ஆகும். தண்டு கடைசியில்தான் விடும், அதுவரை மைலேஜ் ஏறாது.

"ஒரு மண்டலம்" என்றார் அர்த்தநாரி. பழனிக்கு நடக்கிறவர் மாதிரி அந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்.

சொல்வது சுலபம். முதல் நாள் கரவள்ளி தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே கால் துடித்தது. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். வண்டியை விட்டு இறங்கும்போது வேர்த்து ஊற்றியது, குளிர்காலத்தில். சோளக்காட்டு மிளகுக் கிடங்கில் அவர் எடை போடுகிறவர். அன்றைக்கு மூன்று மூட்டையைத் தப்பாக எழுதிவிட்டுத் திரும்ப நிறுத்தார். ஒன்பதாம் நாள் ஒரு ஜீப் வளைவில் ஒலி எழுப்பாமல் வந்தது. கால் தன்னாலே போய்விட்டது. ஒரு மிதி மூன்று நாள் பலனைத் தின்றுவிடும் என்று மெகருன்னிசா சொல்லியிருந்தாள். கண் கலங்க உட்கார்ந்திருந்தவரிடம் பூங்கோதை, இன்னும் நாள் இருக்கிறது, விடுங்கள் என்று மட்டும் சொன்னாள். ஐந்து வருடம் ஏச்சு வாங்கியவள், ஒரு வார்த்தை திருப்பிக் கொடுக்கவில்லை. அது அவரை இன்னும் சுட்டது.

கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அது இன்னும் மோசம், எந்த வளைவு என்றே தெரியவில்லை. ரோட்டைப் பார்த்தால் கால் துடிக்கிறது. என்ன செய்வார்? கடைசியில் அவளைப் பார்த்தார். பக்கப் பார்வை இல்லாதவர், தலையை முழுசாகத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அப்படி அவர் ஐந்து வருடத்தில் ஒரு தடவையும் திருப்பியதில்லை.

அப்பாடா, என்ன ஓட்டு! ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் இரண்டு தடவை ஹாரன். வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே காலை எடுத்துவிடுகிறாள். அவர் மிதித்திருக்கக்கூடிய இடத்துக்கு வண்டி வரும்போது அது ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. எதிரே பேருந்து வந்தால் ஒதுங்கி நின்று வழி விட்டு, ஓட்டுநருக்குத் தலையசைக்கிறாள். பனி இறங்கிய நாளில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதால் கேட்டு ஓட்டினாள். இவள் இப்படித்தான் ஐந்து வருடமும் தன்னைப் பத்திரமாக மேலே கொண்டுபோய், பத்திரமாகக் கீழே கொண்டுவந்து விட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கும்பிட வேண்டும் போல இருந்தது. சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அந்த வார்த்தைகள் அவர் வீட்டில் புழக்கத்தில் இல்லை.

மாதக் கடைசிக்குக் குறைந்த எரிசாற்றை, மைலேஜ் அளக்கிற டீக்கடை ஆட்களிடமே வெட்கத்தை விட்டுக் கடன் வாங்கினார். தினமும் சாயங்காலம் விரிப்பைத் தூக்கி விரலால் தடவிப் பார்ப்பார். கட்டைவிரல் உயரம் இருந்தது கொட்டைப்பாக்கு அளவாயிற்று, பிறகு புளியங்கொட்டை. தேர்வுக்கு நாலு நாள் இருந்தபோது கடுகு. ஒன்பதாம் நாள் இழந்த மூன்று நாளையும் சேர்த்து ஐம்பத்திரண்டாம் நாள் காலையில் தடவினார். வெறும் தரை. அவர் வாசலிலேயே நின்று சத்தம் போட, பூங்கோதை அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து தானும் தடவிப் பார்த்தாள். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள்.

அன்றைக்கு வண்டி மலையில் பூப்போல ஏறியது. மைலேஜ் காட்டி இருபத்து மூன்றைத் தொட்டது. பள்ளிக்கூடம் தப்பித்தது, பத்தொன்பது பிள்ளைகளும் தப்பித்தார்கள் என்று அர்த்தநாரி மனசுக்குள் எல்லாத் தெய்வத்தையும் அழைத்து நன்றி சொன்னார். பதினொன்றாவது வளைவு தாண்டிப் பூங்கோதை வழக்கம்போல் ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி துள்ளியது. பன்னிரண்டாவது வளைவு ஓடி வந்து முகத்தில் மோதுகிற மாதிரி வர, எதிரே பால் வண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

அர்த்தநாரியின் பாதம் தரையில் அப்படியே இருந்தது. பூங்கோதை முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்து வண்டியை ஒடித்தாள். தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. பால் வண்டிக்காரன் ஏதோ திட்டிக்கொண்டே போனான்.

பூங்கோதை கைப்பிரேக்கை இழுத்து வைத்தாள்.

"ஏனுங்க, நீங்க மிதிக்கலையா?"

"இல்லை அம்மிணி."

அவள் அவரையே பார்த்தாள். முகத்தில் ஒரு கோபம் வந்து, அது என்ன கோபம் என்று அவளுக்கே புரிந்து, மெல்ல இறங்கியது. "பழக்கத்துல நீங்க மிதிப்பீங்கன்னு இருந்துட்டேனுங்க" என்றாள். "அஞ்சு வருஷமா வண்டி பின்னாடி இழுத்துச்சு, நான் முன்னாடி தள்ளினேன். எந்த வளைவுல எவ்வளவு அடங்கும்னு அதை வெச்சுத்தான் திருப்பிப் பழகியிருக்கேன் போல. என் கால் நெசமாவே கனமாத்தான் போயிருக்கு."

ஐந்து வருடமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தது கடைசியில் உண்மையாகிவிட்டது. அதை உண்மையாக்கியது தன் கால்தான் என்பதும் அர்த்தநாரிக்குத் தெரிந்தது. சாதாரணமாக இந்த மாதிரி ஒரு வாய்ப்புக் கிடைத்தால் அவர் விடுகிற ஆளில்லை. இன்றைக்குத் தலையை முழுசாகத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"நான் மிதிக்கலை. நீதானே நிறுத்தினே" என்றார். "நீ நல்லா ஓட்டறே அம்மிணி. இத்தனை வருஷமும் நல்லாத்தான் ஓட்டியிருக்கே. உன் புண்ணியத்துலதான் நான் மலை ஏறி இறங்கிட்டு வாறேன்."

பூங்கோதை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வண்டியைப் பின்னுக்கு எடுத்து, காலைப் பட்டும் படாமலும் வைத்து, வளைவைத் திருப்பினாள். திரும்பி முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இதை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா" என்றாள், "அந்த மிதி முளைச்சே இருக்காதுங்க."