அசையாத ஃபேடர்

துப்பறிவாளர் லுத்ஃபியின் அறைக்குள் வந்த ஷாஹிந்தா நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"உஸ்தாத் லுத்ஃபி, சாயங்காலத்துக்குள்ள என்னைக் காப்பாத்துங்க. ரேடியோ டைரக்டர் பஹ்கத் டிஸ்மிஸ் ஆர்டரோட உக்காந்திருக்கார். அவர் கையெழுத்துப் போட்டுட்டா கெய்ரோவில ஒரு ஸ்டூடியோவும் என்னைச் சேர்க்காது."

நேற்று வானொலி நேரலையில் பாடகியின் குரல் பாதிப் பாட்டில் காணாமல் போனது. ஒலி மேஜையில் இருந்தவள் ஷாஹிந்தா. அன்று காலைதான் பாடகி அவளைக் கண்டபடி திட்டியிருந்தாள். பழி தீர்த்துவிட்டாள் என்று ஊரே பேசியது, வேறென்ன பேசும்?

"சத்தியமா அவ குரலை ஏத்தி இறக்குற ஃபேடர்ல கை வைக்கல. அது மேலேயே இருந்துச்சு, குரல் மட்டும் இறங்கிடுச்சு! போன வாரம் வந்த புது மேஜை. பழசு மாதிரி இதுல ஃபேடர் வழியா சத்தம் போகாது. ஃபேடர் வோல்டேஜ் மட்டும் அனுப்பும். அதுக்கேத்த மாதிரி உள்ளே வி.சி.ஏ. சர்க்யூட் சத்தத்தை ஏத்தும், இறக்கும்."

"அப்போ சர்க்யூட்தான் கெட்டுப்போச்சு!" லுத்ஃபியின் உதவியாளர் நக்வா துள்ளினாள்.

"அவசரப்படாதே தாயே" என்றார் லுத்ஃபி.

ஸ்டூடியோவில் பஹ்கத் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஷாஹிந்தாவின் துணையாள் ஸப்ரி தரையைப் பார்த்தபடி சொன்னான்: "லீவு முடிஞ்சு நேத்துதான் வந்தேன். ஹெட்போன் போட்டுட்டு பின்னால நின்னேன். அக்கா ஃபேடரை இழுத்தப்போ கரகரன்னு கேட்டுச்சு."

லுத்ஃபி மேஜையைத் தடவிக்கொண்டே போனார். வலது ஓரத்தில் விரல் பிசுபிசுத்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பாட்டை ஓடவிடும்மா." சிகரெட் சாம்பலை ஒரு ஃபேடர்மேல் தட்டினார்.

"ஐயோ, புது மேஜைய்யா!" பஹ்கத் அலறினார்.

லுத்ஃபி அதை மேலும் கீழும் இழுத்தார். பாட்டு ஏறியது, இறங்கியது. கரகரப்பு துளியும் இல்லை.

"தூசியில கரகரத்தது பழைய மேஜை. இதுல சத்தமே ஃபேடருக்கு வராதே, எப்படிக் கரகரக்கும்? ஸப்ரி சொன்னது நேத்துக் கேட்ட சத்தம் இல்ல." வலது ஓரத்தைக் காட்டினார். "இது என்னம்மா?"

"குரூப் ஃபேடர். இதை இறக்கினா என் ஃபேடர் அசையாமலே குரல் இறங்கும். ஆனா நான் திரும்பிப் பாத்தப்போ இது மேலதான் இருந்துச்சு."

"யாரோ திரும்ப ஏத்திட்டாங்க. பழைய மேஜையில இந்த ஓரம் என்னவா இருந்துச்சு?"

"வெறும் பலகை. டீத்தட்டு வைப்போம்..."

"சர்க்கரை இன்னும் ஒட்டுது. நேத்து டீ கொண்டுவந்தது யாரு?"

ஸப்ரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "பழக்கத்துல வச்சுட்டேன். தட்டு இடிச்சு இறங்கிடுச்சு. பயத்துல ஏத்திவிட்டுட்டு... பொய் சொல்லிட்டேன்."

பஹ்கத் ஆர்டரைக் கிழித்தார். ஷாஹிந்தா அவரைப் பார்க்கவே இல்லை.

"எட்டு வருஷமா என் பக்கத்துலயே இருந்தியேடா" என்றாள் ஸப்ரியிடம். "அப்பவே என் காதுல சொல்லியிருந்தா, தெரியாம என் கை பட்டுடுச்சுன்னு நானே சொல்லியிருப்பேனே."