ஈரச் செருப்புக் குழுவின் முடியாத பாட்டு

அக்டோபர் 17, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். விடிந்ததிலிருந்து ஒரே சீராகத் தூறல். காற்று என்பதே இல்லை. டிரம்ஸ்காரரின் மனைவி மருத்துவமனையின் நான்காம் மாடியில் லிஃப்டை விட்டு இறங்கினாள். ஏழாம் அறைக்கு இன்னும் முப்பது அடி இருக்கும்போதே அது காதில் விழுந்தது.

டொம். டொம். டொம். டொம்.

கணவரின் வலது பாதம் கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் மோதும் ஓசை. செவிலி துண்டொன்றை மடித்துக் கட்டியிருந்ததால் அது சற்றே மெத்தென்றிருந்தது. முப்பத்தொன்பது நாள்களாக நிற்கவில்லை, தூக்கத்திலும் நிற்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் முதல் நாள் தலையாட்டி ரசித்தார். மூன்றாம் நாள் வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அந்தக் காலுக்கு ஒரு வரலாறு உண்டு.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சலவைக்கூடத்தின் பின்னறையில் நான்கு பேர் ப்ளூஸ் வாசிக்கக் கூடினார்கள். சலவைக்கூட முதலாளி கிதார் வாசித்துப் பாடினார். தபால்காரர் பேஸ் கிதார். பல் மருத்துவர் மவுத் ஆர்கன். பூட்டுப் பழுது பார்ப்பவர் டிரம்ஸ். தரையில் எந்நேரமும் தண்ணீர் நின்றதால் வீடு திரும்பும்போது நால்வரின் காலிலும் செருப்பு நனைந்திருக்கும். குழுவுக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கவில்லை.

ப்ளூஸில் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டத்துக்கு நான்கு அடியாகப் பன்னிரண்டு கட்டங்கள் முடிந்ததும் பாட்டு முதற்கட்டத்துக்கே திரும்பிவிடும். யாராவது நிறுத்தினாலொழிய அது நிற்பதற்கு வழியில்லை. முதல் மேடையில் நால்வரும் நான்கு இடங்களில் நிறுத்த, கூட்டம் சிரிப்பாய்ச் சிரித்தது. அன்றே முதலாளி ஒரு விதி வகுத்தார்.

"நான் கிதார் கழுத்தை மேல தூக்குவேன். அப்பத்தான் முடிக்கணும். அதுவரைக்கும் கூரையே விழுந்தாலும் எவனும் நிறுத்தக் கூடாது."

இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருவரும் அதை மீறவில்லை.

செப்டம்பர் எட்டாம் தேதி, ஞாயிறு பகல், ஒரு ஓட்டல் கூடத்தில் அவர்களுடைய கடைசி நிகழ்ச்சி நடந்தது. தபால்காரருக்கு வெகுதூரத்துக்கு மாற்றலாகியிருந்தது. இனிக் கலைந்துவிடலாம் என்று மூவரும் முடிவெடுத்திருந்தார்கள். முதலாளி மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை. மேடையேறும்போது, "முடிக்கிறது என் வேலை. அதை எங்கிட்ட விட்டுடுங்க" என்று மட்டும் சொன்னார்.

கடைசிப் பாட்டின் நடுவில் அவர் முழந்தாளிட்டார். கூட்டம் அதை ஒரு வித்தையென்று நினைத்துக் கைதட்டியது. மற்ற மூவரும் கிதார்க் கழுத்து உயரும் என்று காத்து, நான்கு நிமிடம் வாசித்தார்கள். அவர் உயிர் முதல் நிமிடத்திலேயே போய்விட்டிருந்தது.

கழுத்து உயரவே இல்லை.

தபால்காரரின் விரல்கள் அன்றிரவும் பேஸ் தந்திகளில் நடப்பதுபோலப் போர்வைமேல் நடந்துகொண்டிருந்தன. மாவுக்கட்டுப் போட்டார்கள், கட்டுக்குள்ளும் நடந்தன. பன்னிரண்டாம் நாள் அவருடைய இதயம் நின்றது. விரல்கள் ஒரு மணி நேரம் பிந்தி நின்றன.

பல் மருத்துவருக்கு மூச்சு. இழுப்பதும் விடுவதும் தாளத்துக்குத்தான். அவர் மனைவி டிரம்ஸ்காரரின் மனைவியிடம் தொலைபேசியில் மெல்லச் சொன்னாள்: "மவுத் ஆர்கனை அலமாரியில வச்சுப் பூட்டியிருக்கேன். சாவி என் இடுப்புல. ஆனா இவர் மூச்சு இழுக்கும்போதெல்லாம் உள்ள அது ஊதுது." இருபத்தாறாம் நாள் அவரும் போனார்.

மீதமிருந்தது ஒரு கால்.

அறைக்குள் பினாயில் வாடை. டிரம்ஸ்காரர் கண்விழித்திருந்தார், தூக்க மருந்தில் இமைகள் பாதி சரிந்திருந்தன. அருகே முதலாளியின் மனைவி நனைந்த சேலையோடு, மடியில் கிதார்ப் பெட்டியோடு அமர்ந்திருந்தாள். டிரம்ஸ்காரர்தான் அவளை வரச்சொல்லியிருந்தார்.

"வந்துட்டியா? அண்ணி எப்படி நனைஞ்சு வந்திருக்காங்க பாரு. நம்ம குழுவுக்கு ஏத்த ஆளு."

"பேசாம இருங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு."

"அண்ணி, அதை வெளிய எடுங்க. பன்னெண்டாவது கட்டம் வரும்போது சொல்றேன். கழுத்தை அவர் தூக்குற மாதிரி ஒரு தூக்கு."

"எனக்கு இதைப் பிடிக்கவே தெரியாதேப்பா."

"முதல் மூணு வருஷம் அவருக்கும்தான் தெரியாது."

அவள் சிரிக்க முயன்றாள். கிதாரை மார்போடு அணைத்துக்கொண்டாள். மூவரும் அந்தப் பாதத்தையே பார்த்தார்கள்.

டொம். டொம். டொம். டொம்.

"பத்து," என்றார் டிரம்ஸ்காரர்.

சன்னல் கண்ணாடியில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"பதினொண்ணு."

செவிலி வாசலில் வந்து நின்றாள்.

"இப்ப."

கழுத்து ஒரு சாண் எழும்பியது. பாதம் பலகையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

ஒரு நொடி.

கழுத்து கீழே சரிந்தது.

டொம்.

முதலாளியின் மனைவி கிதாரைப் படுக்கையில் போட்டுவிட்டுத் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இறக்கலப்பா. தூக்கத்தான் பார்த்தேன். அந்தப் பக்கத்துலேர்ந்து யாரோ கீழ அழுத்தினாங்க."

டிரம்ஸ்காரர் கண்களை மூடிக்கொண்டார்.

"அவருக்கு முடிக்க இஷ்டமில்ல அண்ணி."

நான்கு மணிக்கு அறுவை மருத்துவர் வந்தார். முன்பொரு நாள் கால் நரம்பில் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டுப் பார்த்தவர் அவர்தான். அன்று கால் மரத்தது. ஊசியால் குத்தினால் உணர்வில்லை. தாளம் மட்டும் தப்பவில்லை. அதைப் பற்றி அவர் மறுபடி பேசியதேயில்லை.

"தசை கரைஞ்சு சிறுநீரகத்தை அடைக்குதும்மா. இன்னும் ரெண்டு நாள் தாங்காது. முழங்காலுக்கு மேல எடுத்துட்டா உயிர் மிஞ்சும். தூக்க மருந்துல இருக்கிறதால அவர் கையெழுத்து செல்லாது. நீங்கதான் போடணும்."

"எடுத்தா நின்னுடுமா, டாக்டர்?"

"கால் இல்லாம எப்படிம்மா ஆடும்?" என்றார். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

அவள் கணவர்பக்கம் குனிந்தாள். "என்னங்க பண்றது?"

"போடு. பூட்டு ரிப்பேருக்கு ஒத்தக் கால் போதும். பூட்டு என்ன, எழுந்தா ஓடப்போகுது?"

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு."

"பயமா இருக்குடி," என்றார் அவர், அதே குரலில்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் அசையாமல் இருக்கின்றனவா என்று தன்னையறியாமல் பார்த்தாள். அசையவில்லை. மருந்து அவரை மெல்ல இழுத்துச் சென்றது.

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது அவளுடைய வேலை. படிவத்தை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். 'வலது கால், முழங்காலுக்கு மேல்' என்றிருந்த இடத்தில் விரல் நின்றது. கால் மாறிவிடக் கூடாதே என்று கட்டிலைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், மறுபடி கட்டிலைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஒரு பிழையும் இல்லை.

பேனா மையை விட மறுத்தது. ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தாள். முதலாளியின் மனைவி அவள் தோளில் கை வைத்தாள். இருபத்திரண்டு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அந்தக் கால் வாங்கிக்கொண்டது என்று டிரம்ஸ்காரரின் மனைவி பலமுறை அதைச் சபித்திருக்கிறாள். இப்போது அதைப் பார்க்க முடியவில்லை.

கையெழுத்திட்டாள். தேதியும் நேரமும் எழுதினாள்: நான்கு மணி பதினேழு நிமிடம். எழுந்துபோய் மருத்துவரின் கையில் கொடுத்தாள்.

அவர் வாங்கிக்கொண்டார்.

பின்னால் தாளம் மாறியிருந்தது.

டொம். டொம்-சிக். டொம். டொம்-சிக்.

அவள் திரும்பினாள். கணவர் நன்றாக உறங்கிக்கொண்டிருந்தார். வலது பாதம் எப்போதும்போலப் பலகையில் மோதிக்கொண்டிருந்தது. டிரம்ஸில் இடது காலுக்குத் தனி வேலை உண்டு: ஜோடித் தாளத் தட்டுகளை மிதியால் இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் சேர்த்து மூடுவது.

போர்வைக்கடியில் இடது கால் அதைத் தொடங்கியிருந்தது.