பள்ளத்தில் கிடந்த சீன பைக்

காலை 5.50. சரிவின் அடியில் ரொட்டி வேன்காரர் முதலில் பார்த்தது ஒரு ஹெல்மெட்டை. அடுத்துப் பார்த்தது அதற்குள் இருந்த முகத்தை.

விடியுமுன்னே கூரியர் மூட்டை எடுக்கக் கிளம்பிய இளைஞன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அவனுடைய பைக் சற்றுத் தள்ளி, பள்ளத்துச் சேற்றில் இடது பக்கம் புதையக் கவிழ்ந்து கிடந்தது.

7.40. பிணவறை வாசலில் அவனுடைய அக்கா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பெரிய கம்பெனி வண்டியின் பாதி விலைக்கு அந்த பைக்கை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அழுகை வரவில்லை. சிக்கனம் பார்த்துத் தம்பியைக் கொன்றுவிட்டோம் என்பது மட்டும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

காரில் வெளியூர் போயிருந்த அவள் கணவன் ஆட்டோவில் வந்து இறங்கினான்.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, சீனா வண்டி வேணாம்னு! கேட்டியா? பிரேக் ஹோஸ் அறுந்து போயிருக்கு. அது ரப்பரா, இல்ல பலூனா? வித்தவனை உள்ள தள்ளணும் மேடம்."

"அவரை ஏற்கெனவே ஸ்டேஷன்ல உக்கார வெச்சாச்சு" என்றார் பெண் இன்ஸ்பெக்டர். "எல்லாரும் வண்டிகிட்ட வாங்க. நாங்க இன்னும் அதைத் தூக்கவே இல்ல."

9.00. சரிவின் அடி. பைக்கை விற்ற கடைக்காரரையும் ஜீப்பில் கொண்டுவந்திருந்தார்கள்.

"குரோம் ரெண்டு மழைக்குத் தாங்காதுன்னு சொல்லித்தான் மேடம் வித்தேன். சீட்டுத் தையல் பிரியும்னும் சொன்னேன். ஆனா இன்ஜினும் பிரேக்கும் கொடுத்த காசுக்கு மேலேயே இருக்கும்."

"வாங்குறப்ப யாரெல்லாம் போனீங்க?"

"நானும் தம்பியும்" என்றாள் அக்கா.

"சார் போகலையா?"

"குப்பை வாங்குற இடத்துல எனக்கென்ன வேலை?" என்றான் கணவன்.

இரண்டு கான்ஸ்டபிள்கள் பைக்கை நிமிர்த்தினார்கள். சேறு பொத்தென்று விழுந்தது. முன் சக்கரத்தின் இடது பக்கத்தில் கறுப்பு ஹோஸ் இரண்டு துண்டாகத் தொங்கியது.

"பாத்தீங்களா?" என்றான் கணவன்.

கடைக்காரர் வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அடக்கினார். பின் மட்கார்டு உள்பக்கமாக மடங்கியிருந்ததைக் குனிந்து பார்த்தார். பிறகு முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தார்.

"தள்ளுங்கய்யா."

"நகரலையே மேடம். கும்முனு பிடிக்குது."

"ஹோஸ் அறுந்த பிரேக் எப்படிப் பிடிக்கும்?"

அக்கா அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பிரேக்கே இல்லீங்க" என்றாள். "வலது பக்கம்தான் நிஜம். இடது பக்கத்து டிஸ்க்கு, ஹோஸு எல்லாம் சும்மா பகட்டுக்கு மாட்டினது. கழட்டித் தரேன்னு கடைக்காரர் சொன்னாரு. தம்பிதான் வேணாம்னுட்டான். 'அத்தான்கிட்ட மட்டும் சொல்லிடாதக்கா. ரெண்டு டிஸ்க்னு நெனச்சு நாலு நாளாவது வாயை மூடிட்டு இருக்கட்டும்'னு..."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"இது அறுந்ததும் இல்ல, அறுத்தது" என்றார் இன்ஸ்பெக்டர். "கத்தி போட்ட விளிம்பு. நிஜ ஹோஸ்னா உள்ள பிரேக் ஆயில் இருக்கணும்; இதுல ஒரு சொட்டு கிடையாது. பின்னாலேர்ந்து ஏதோ வண்டி இடிச்சிருக்கு. இடிச்ச ஆள், பழி பைக் மேல விழட்டும்னு ஹோஸை அறுத்துட்டுப் பள்ளத்துல தள்ளியிருக்காரு. வித்தவருக்கு அது போலின்னு தெரியும். உங்க மனைவிக்கும் தெரியும். தெரியாதவர்தான் அறுத்திருக்கணும்."

"தெருவுல போற எவனுக்கும்தான் தெரியாது!"

"வாஸ்தவம். ஆனா தெருவுல போறவன் ஆஸ்பத்திரிக்கு வந்து ஹோஸ் அறுந்துச்சுன்னு சொல்லல. நீங்க சொன்னீங்க. அப்ப அந்தப் பக்கம் சேத்துக்குள்ள இருந்துச்சு. எங்க ஆளுங்களே பாக்கல. உங்க கார் எங்க சார்?"

"பட்டறையில."

"எந்தப் பட்டறை?"

கான்ஸ்டபிள் ஒருவர் நகர்ந்து அவன் பின்னால் நின்றார். அவன் பள்ளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வேணும்னு செய்யல. குடிச்சிருந்தேன். கண்ணு அசந்துட்டேன். இறங்கிப் பாத்தப்பதான் இவன்னு தெரிஞ்சுது."

அக்கா அவன் எதிரில் போய் நின்றாள்.

"நீங்க இறங்கினப்ப அவனுக்கு உயிர் இருந்துச்சா?"

அவன் சேற்றைப் பார்த்தான்.

"சொல்லுங்க. இருந்துச்சா?"

"பேசினான்."

"என்ன பேசினான்?"

"'அத்தான், வந்துட்டீங்களா'ன்னான்."