இடுப்புக்குழியில் ஒரு விரல்

யார்க்‌ஷயர் மலையடிவாரத்தில், மழையில் ஊறிக் கருத்துப்போன கல் கட்டடம் அந்த மருத்துவமனை. பொது அறுவை சிகிச்சையில் தேறிய ஹெஸ்டர் ஆக்ராய்ட், பெருங்குடல், மலக்குடல் அறுவையில் தனிப்பயிற்சி பெற ஜனவரியில் அங்கே வந்து சேர்ந்தாள். பயிற்சி தருபவர் ஆல்வின் கார்சைட். அவரிடம் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒன்றுதான் அவளுக்கு உறுத்தியது. அவளுக்கு முன் அங்கே பயின்றவன் பாதியிலேயே கிளம்பிப் போய்விட்டான். இப்போது கத்தியையே தொடுவதில்லையாம்.

முதல் நோயாளி நார்மன் சக்டன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மலக்குடலில் புற்று.

"என்னம்மா, நீயா அறுக்கப்போற?" என்றார் படுக்கையிலிருந்து.

"கார்சைட் சார்தான். நான் கூட நிப்பேன்."

"நின்னுக்கோ. ஆனா கையெல்லாம் சூடா வச்சுக்கோ. குளிர்ந்த கை எனக்கு ஆகாது."

இருவரும் சிரித்தார்கள்.

அறுவை அரங்குக்குப் பக்கத்து அறையில் தேநீர் ஊற்றிக்கொடுத்தாள் மூத்த நர்ஸ் டிலிஸ். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணு, ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. உள்ளே கை விட்டதும் ஏதாவது விரலைப் பிடிச்சா, இழுத்துராதே."

"எது பிடிக்கும்?"

"இழுத்துராதே. அவ்வளவுதான்."

புதிதாக வந்தவர்களை இப்படி மிரட்டுவது எல்லா மருத்துவமனையிலும் உண்டு. ஹெஸ்டர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே தலையாட்டினாள்.

நாலரை மணிக்கே ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. சக்டனின் வயிறு திறந்திருந்தது. தீய்ந்த கொழுப்பின் வாடை முகமூடியைத் தாண்டி வந்தது. கார்சைட் மலக்குடலை முன்பக்கமாகத் தூக்கிப் பிடித்து, அதன் பின்னால் முதுகெலும்பின் அடிவரை நூல் பிரிப்பதுபோல் நிதானமாகப் பிரித்துக்கொண்டே போனார். அதற்கும் கீழே விளக்கு எட்டவில்லை.

"கையை விட்டுப் பாரு. கட்டி எவ்வளவு தூரம் இறங்கியிருக்குன்னு சொல்லு."

ஹெஸ்டர் கையை உள்ளே நுழைத்தாள். இதமான சூடு. விரல் நுனியில் கட்டியின் கடினம். இன்னும் கொஞ்சம் கீழே...

அங்கே சூடு இல்லை.

சில்லென்று ஒன்று அவள் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டது.

நரம்பாக இருக்கும், தசைநாராக இருக்கும் என்று மனம் சமாதானம் தேடியது. அது மடங்கியது. அதற்குக் கணு இருந்தது. நகம் இருந்தது.

ரத்தம் இழுக்கும் உறிஞ்சுகுழாயின் சத்தம் நின்றுபோனது. யாரும் அதை நிறுத்தவில்லை.

"பிடிச்சிருச்சா?"

கார்சைட் கிசுகிசுத்தார். அவர் நெற்றி வேர்த்திருந்தது.

அவளால் தலையசைக்க மட்டுமே முடிந்தது.

"இழுக்காதே. உன் விரலுக்குக் கீழே எலும்போட ஒட்டின ரத்தக்குழாய்ங்க இருக்கு. போன தடவை அந்தப் பையன் பயந்துபோய் வெடுக்குன்னு இழுத்துட்டான். எதை வச்சு அடைச்சும் ரத்தம் நிக்கல. அந்தம்மா இந்த மேஜையிலேயே போயிட்டாங்க."

"யாரு சார் இது?"

"தெரியாது. அரங்கை மாத்திப் பாத்துட்டேன். என்னை இது தொடுறதில்லை. கத்துக்க வர்றவங்களைத்தான்."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

அவர் மலக்குடலை இன்னும் கெட்டியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிடி இறுகியது. விரல் மரத்தது. கையை உதறிப் பிடுங்கச் சொல்லி உடம்பு முழுக்கக் கதறியது. மயக்க மருந்துக்காரரின் திரைக்கு அந்தப்பக்கம், சக்டனின் இதயத்துடிப்பு ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

அது சுண்டி இழுத்தது.

மறுபடியும்.

அவள் அசையவில்லை.

பிறகு மெல்ல, மனசில்லாமல் விடுவதுபோல், ஒவ்வொரு கணுவாக அது கழன்றது. உறிஞ்சுகுழாய் தானாக இரைந்தது. டிலிஸ் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள்.

கட்டி முழுசாக வந்தது. குடலை இணைத்து, தண்ணீரில் மூழ்கவைத்து உள்ளே காற்றை ஊதிக் கசிவு இருக்கிறதா என்று சோதித்தார்கள். ஒரு குமிழிகூட எழவில்லை.

மறுநாள் பிற்பகல் வார்டுக்குப் போனபோது சக்டன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் இல்லை, வயிறும் மிருதுவாக இருந்தது. இதுவரை இணைப்பில் கசிவுக்கான அறிகுறி ஏதுமில்லை என்று ஹெஸ்டருக்கு நெஞ்சு நிறைந்தது.

"நல்லா இருக்கீங்க" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கேன். அந்த இன்னொரு டாக்டரம்மாவை மட்டும் அனுப்பாதே தாயி. காலையிலிருந்து என் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. கை ஒரே பனிக்கட்டி."

அந்தப் பிரிவில் வேறு பெண் மருத்துவர் கிடையாது.

"என்ன சொன்னாங்க?"

"உன்னைத்தான் கேட்டாங்க." சக்டன் குழம்பிய முகத்தோடு அவளைப் பார்த்தார். "நீ ஏன் இழுக்கலைன்னு கேக்கச் சொன்னாங்க. நாளைக்கும் ஒரு ஆபரேஷன் இருக்காமே? அதுக்குக் காத்திருக்காங்களாம்."

ஹெஸ்டர் கட்டிலின் மறுபக்கம் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

போர்வைமேல் கிடந்த சக்டனின் இடது கை மட்டும், தாங்குவார் இல்லாமல், காற்றில் மெல்ல மேலே எழுந்துகொண்டிருந்தது.