கண்ணாடி வழியே அரை கிராம்

செவ்வாய்க் கிரகத்தில் காலைச் சங்கு ஊதியதும் என் கடைமுன் வரிசை கட்டிவிடும். ஆளுக்கொரு காலிக் குமிழைக் கையில் பிடித்திருப்பார்கள். இந்த மெல்லிய காற்றில் எவர் இதயமும் தானாக ஓடாது. நெஞ்சிலுள்ள சோடியம் குமிழ்தான் ஓட்டுகிறது.

காற்றுப் பட்டால் எரிகிற சாமானைத் தராசில் நிறுக்க முடியுமா? வெற்றிடக் குமிழை உருகிய உப்பில் முக்கி, உள்ளே இழையை எரியவிட்டு மின்சாரம் பாய்ச்சுவேன். கண்ணாடிச் சுவர் வழியே சோடியம் உள்ளே ஊறும். மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கினால் எடை. தட்டை விரலால் அழுத்த வழியே இல்லாத வியாபாரம். என் முன்னோர் வெட்கப்பட்டிருப்பார்கள்.

அன்றைய முதல் ஆள் முத்துக்கனி. கணவன் மாசானத்தைத் தோளில் தாங்கி வந்தாள். அவன் குமிழ் தீர்ந்து, குமிழிலிருந்து மின்னேறி அது இல்லாத நேரத்தில் இதயத்தை ஓட்டும் சேமக்கலத்தில் நாலு மணி நேரம்தான் மிச்சம்.

"அரை கிராமுக்கு ஆறு மணி நேரம் ஆவும், தாயி."

"ரெண்டுல முடிங்க அண்ணாச்சி."

"கரண்டைக் கூட்டினா கண்ணாடி தாங்காது."

"ரெண்டரை."

"மூணு. அதுக்குக் கீழ ஒரு நிமிஷம் குறையாது."

மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினேன். ஒரு மணி நேரம் கழித்துக் குமிழ் 'டக்' என்று உடைந்தது. மஞ்சளாய் ஒரு தீ எழுந்து அடங்கியது.

"நாந்தான் அவசரப்படுத்தினேன். பேரம் பேசியே இவரைக் கொன்னுட்டேனே!"

நான் வாயை மூடிக்கொண்டாலே போதும், பழி அவளோடு போய்விடும். ஆனால் கண்ணாடி சுற்றிலும் மீன்செதிலாய் உரிந்திருந்தது. சூட்டில் அப்படி உரியாது.

உப்புத் தட்டுப்பாடு. அன்று காலைதான் கடைசி உப்பு முழுவதிலும், அதைப் பெருக்கிக் காட்ட, பொட்டாஷ் என்கிற பொட்டாசியம் உப்பைக் கலந்திருந்தேன். உள்ளே போவது கண்ணாடியின் சொந்தச் சோடியம், அளவு குறையாது, யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். சோடியம் காலி செய்த இடத்தில் பருத்த பொட்டாசியம் வந்து உட்கார்ந்தால் கண்ணாடி என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

"அவசரத்துல உடையல, தாயி. உப்புல பொட்டாஷ் கலந்துட்டேன். இனி எந்தக் குமிழை முக்குனாலும் இதே கதிதான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் நெஞ்சை.

"உங்க குமிழு எத்தனை நாளைக்கு வரும்?"

"இருபது."

"ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டா?"

"பத்து."

"உப்புக் கப்பல் வர எத்தனை நாளு?"

"பதினாலு."

அவள் பேரம் பேசவில்லை. நான் சட்டைப் பொத்தானைக் கழற்றி, குமிழைத் திருகி எடுத்து மாசானத்தின் நெஞ்சில் பொருத்தினேன். அவன் உதடு சிவந்தது. என் சேமக்கலம் ஓடத் தொடங்கியது.

வரிசையிலிருந்து ஒரு கை காலிக் குமிழை நீட்டியது.

"அண்ணாச்சி, அடுத்து நான்தானே?"