ஐந்நூற்று எழுபத்தாறு கட்டங்களில் ஒரு முகம்

1994-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்புக்குள் இருந்த ஒரு பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. அன்றிலிருந்து அவை வைத்திருந்த அறைக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது.

செருப்பை விட்டால் மட்டும் போதாது. காலைக் கழுவ வேண்டும். கழுவிய காலைத் துடைக்க வேண்டும். தும்மல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். இரண்டு கம்ப்யூட்டருக்கும் பூப்போட்ட துணியில் உறை வேறு தைத்துப் போட்டிருந்தார்கள்.

"எங்க வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இவ்ளோ மரியாதை கெடைக்கல" என்றாள் புஷ்பா. அவள் அக்காவுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

ஆகஸ்டு பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை, பள்ளிக் கண்காட்சி. கம்ப்யூட்டர் மேஜையை ஏழாம் வகுப்புக் குழுவுக்குக் கொடுத்திருந்தார் பக்தவத்சலம் சார். குழுவில் நான்கு பேர். தலைவன் கோவிந்தராஜ். வாய் ஓயாத புஷ்பா. கேட்டால் மட்டும் பேசும் தசரதன். நான்காவது, எதையும் நோட்டில் எழுதி வைக்கும் ராபியா.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் கம்ப்யூட்டர் உங்களுக்கு. அஞ்சு மணிக்கு உங்க புரோகிராம் ஓடணும். ஓடலேன்னா மேஜையை வேற வகுப்புக்குக் கொடுத்துடுவேன்" என்றார் சார்.

என்ன செய்வது என்று ஒரு வாரம் சண்டை. ராக்கெட் விடலாம் என்றான் கோவிந்தராஜ். ஜாதகம் பார்க்கலாம் என்றாள் புஷ்பா. கடைசியில் வேலையைக் கொண்டுவந்து கொடுத்தவர் பள்ளியில் மணி அடிக்கும் கன்னியம்மாள்.

அவர் ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். இரட்டைப் பின்னலோடு ஒரு பெண். முகத்தின் குறுக்கே, கன்னத்துக்குக் கன்னம், வெள்ளையாக ஒரு மடிப்பு.

"யாரு அக்கா இது?" என்று கேட்டாள் ராபியா.

"இன்னாடி இப்படிக் கேக்குற? நான்தான். பதினாலு வயசுல அம்பத்தூர்ல எடுத்துக்கினது. எங்கம்மா மடிச்சு டிரங்குப் பொட்டில போட்டு வெச்சிருக்கு. மூஞ்சி குறுக்கால ரோடு போட்ட மாதிரி கீது பாரு. சின்ன வயசு போட்டோ இது ஒண்ணுதான். ஸ்டுடியோவுல கேட்டா, சரி பண்ண முடியாதுன்னு சொல்ட்டான்."

ராபியா போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடிப்பு மெல்லியதுதான். அதற்கு மேலேயும் கன்னம், கீழேயும் கன்னம். நடுவில் மட்டும் என்ன இருந்திருக்கும்? கன்னம்தானே!

"அக்கா, இதை ஒரு வாரம் தருவீங்களா? கம்ப்யூட்டர்ல இந்த ரோட்டை மூடிப் பாக்குறோம்."

கன்னியம்மாள் நான்கு பேரையும் ஒருமுறை முறைத்தார். "தொலைச்சீங்க, அப்புறம் நான் பெல்லே அடிக்க மாட்டேன். ராத்திரி பூரா ஸ்கூல்லயே கெடங்க."

அன்று மதியம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். ராபியா எழுதினாள்.

போட்டோவின் மேல் டிரேசிங் தாளை வைத்துக் கட்டம் போட வேண்டும். குறுக்கே இருபத்து நான்கு, நெடுக்கே இருபத்து நான்கு. மொத்தம் ஐந்நூற்று எழுபத்தாறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெள்ளை என்று பார்த்து, சுழியிலிருந்து நான்குவரை ஓர் எண் போட வேண்டும். மடிப்பு விழுந்த கட்டத்தில் மட்டும் ஒன்பது. ஒன்பதைக் கண்டால் கம்ப்யூட்டர் மேல் கட்டத்தையும் கீழ்க் கட்டத்தையும் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள எண்ணை அங்கே போட்டுக்கொள்ளும்.

"ஐந்நூத்தி எழுபத்தாறா? ஒருத்தரே போட்டா கண்ணு அவிஞ்சுடும்" என்றாள் புஷ்பா.

"ஆளுக்கு ஒரு மூலை. நூத்தி நாப்பத்தி நாலு கட்டம்" என்று பிரித்தான் கோவிந்தராஜ். மேலே இடது மூலை அவனுக்கு. மேலே வலது மூலை தசரதனுக்கு. கீழே புஷ்பாவும் ராபியாவும்.

போட்டோ ஒன்றுதான் என்பதால் அது நாளுக்கொரு வீடு போனது. திங்கட்கிழமை கோவிந்தராஜ், செவ்வாய் புஷ்பா, புதன் ராபியா, வியாழன் தசரதன். அட்லஸ் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப் போனார்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் கன்னியம்மாள் வாசலில் நின்று, "என்னை இன்னிக்கு யாரு கூட்டிக்கினு போறீங்க?" என்று விசாரித்துக்கொண்டார்.

சாரைக் கேட்டுக் கேட்டு புரோகிராமை நோட்டில் எழுதி முடித்தார்கள். அதன் கடைசிப் பகுதி சுலபம். சுழி வந்தால் அந்தக் கட்டத்தில் ஒன்றும் போடாதே. ஒன்று, இரண்டு, மூன்று என்றால் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போ. நான்கு வந்தால் கட்டத்தை முழுசாக நிரப்பு.

வெள்ளிக்கிழமை மணி நான்கு. நான்கு பேரும் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ராபியா எண்களைப் படித்தாள். கோவிந்தராஜ் தட்டினான். புஷ்பா ஸ்கேலை வைத்து வரி பார்த்தாள். தசரதன் திரையில் விழுவதைச் சரிபார்த்தான்.

"மூணு மூணு ரெண்டு சுழி..."

"மெதுவாப் படி. எனக்கு என்ன பத்துக் கையா?"

"ஒரு விரலால தட்டினா அப்படித்தான்" என்றாள் புஷ்பா.

எல்லாம் தட்டி முடிக்கும்போது மணி நான்கு முப்பத்தைந்து. சாவிக்கொத்தோடு அலுவலகம் வரை போய்விட்டு வந்த சார் பின்னால் வந்து நின்றார். "ஓட விடுங்க" என்றார்.

கோவிந்தராஜ் பொத்தானை அழுத்தினான். திரையில் வரிவரியாகக் கட்டங்கள் வந்தன. நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஐயோ! அக்காவுக்கு நரைச்சுப் போச்சு!" என்று கத்தினாள் புஷ்பா.

நரைத்துத்தான் போயிருந்தது. அதுவும் ஒரு பக்கம் மட்டும். இடது பக்கம் தலைமுடி வெள்ளை, நெற்றி கறுப்பு. கீழே கன்னமும் கழுத்தும் கரி பூசியதுபோல் இருந்தன. மேலே வலது மூலை மட்டும் வேறு மாதிரி இருந்தது.

"மூணு மூலை ஒரு மாதிரி. ஒண்ணு மட்டும் வேற மாதிரி" என்றான் கோவிந்தராஜ். "அது யாரோடது?"

தசரதன் கையைத் தூக்கினான்.

"மூணு பேர் சரியா போட்டிருக்கோம். நீ ஒருத்தன் மட்டும் தலைகீழாப் போட்டு வெச்சிருக்கே. எல்லாம் போச்சு. நாளைக்கு மேஜையும் போச்சு. நீ வெளிய போய் நில்லுடா, போதும் உன் வேலை."

தசரதன் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்ட ஆரம்பித்தான். அவன் காது இரண்டும் சிவந்துவிட்டதை ராபியா பார்த்தாள்.

அவள் நோட்டைப் பிரித்தாள். 'கறுப்பு, வெள்ளை பார்த்து சுழி முதல் நான்கு வரை எண் போடவும்.' அவள் கையெழுத்துதான். சுழி என்றால் கறுப்பா, வெள்ளையா? அது எங்கேயும் இல்லை.

"தசரதா, இரு" என்று கூப்பிட்டாள். "கோவிந்தராஜ், தப்பு அவன் பண்ணல. நான்தான் பண்ணேன். எது கறுப்பு, எது வெள்ளைன்னு திட்டத்துல நான் எழுதவே இல்ல."

"அதை எதுக்குத் தனியா எழுதணும்? பேப்பர் வெள்ளை. ஒண்ணும் போடலேன்னா வெள்ளை. பென்சிலால முழுசா தீட்டினா கறுப்பு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன்" என்றாள் புஷ்பா.

"நானும்தான்" என்றாள் ராபியா. வாசல் பக்கம் திரும்பினாள். "நீ எப்படி நெனைச்சே?"

தசரதன் ஒரு காலில் செருப்போடும் இன்னொரு காலில் இல்லாமலும் நின்றான். "படம் வரப்போறது பேப்பர்ல இல்லையே. இந்தப் பொட்டிலதானே? இது கறுப்பு. ஒண்ணும் போடலேன்னா கறுப்பாவே இருக்கும். நிரப்பினா வெள்ளையா மின்னும்."

ராபியா திரையைப் பார்த்தாள். வலது மூலையில் தலைமுடி கறுப்பு. நெற்றி வெளுப்பு. மனுஷியைப்போல் இருந்தது அந்த ஒரு மூலைதான்.

"கோவிந்தராஜ், தலைகீழாப் போட்டது அவன் இல்ல. நாம மூணு பேர்."

கோவிந்தராஜ் திரையைப் பார்த்தான், தன் தாளைப் பார்த்தான், மறுபடியும் திரையைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்துப் புஷ்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தலைவரே, வெளிய போய் நிக்கிறதுன்னா இப்ப நாம மூணு பேரும் நிக்கணும்" என்றாள்.

கோவிந்தராஜுக்கும் சிரிப்பு வந்தது. "டேய், செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாடா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோச்சுக்காத" என்றான்.

"கால் கழுவிட்டு வரேன்" என்றான் தசரதன்.

ஆனால் மணி நான்கு நாற்பத்தைந்து. மூன்று மூலை என்றால் நானூற்று முப்பத்திரண்டு எண்கள். ஒரு விரலால் தட்டித் தீராது.

"அழிச்சுட்டுத் திரும்பப் போட டைம் இல்ல" என்றாள் புஷ்பா.

ராபியா நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். சுழி இருந்த இடத்தில் நான்கு வர வேண்டும். ஒன்று இருந்த இடத்தில் மூன்று. இரண்டு அப்படியே இருக்கலாம். மூன்று ஒன்றாக வேண்டும். நான்கு சுழியாக வேண்டும். எழுதியதை மேலும் கீழும் பார்த்தாள். சுழியும் நான்கும் நான்கு. ஒன்றும் மூன்றும் நான்கு...

"கூட்டினா எல்லாம் நாலுதான் வருது!" என்று துள்ளினாள். "எதையும் அழிக்க வேணாம். அந்த மூணு மூலையிலயும் இருக்கிற எண்ணை நாலுல இருந்து கழிக்கச் சொன்னா போதும். கம்ப்யூட்டரே கழிச்சுக்கும். சார், ஒரு வரி போதும்ல?"

"போதும்" என்றார் சார். "எங்க போடப் போறீங்க அந்த வரியை?"

"படம் காட்டறதுக்கு முன்னாடி" என்றாள் புஷ்பா.

கோவிந்தராஜ் எண்கள் எழுதிய தாளில் மடிப்பு வரியில் விரலை வைத்தான். "இங்க ஒன்பது இருக்கு. நாலுல இருந்து ஒன்பது போகாது. அதனால முதல்ல மடிப்பை அடைச்சுடணும். அப்புறம்தான் கழிக்கணும்."

"அதான் தலைவர்!" என்றாள் ராபியா.

இந்தமுறை தசரதன் தட்டினான். பத்து விரலால் இல்லை, இரண்டு விரலால். ஓட விட்டார்கள்.

நால்வரும் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்கள். நரை போயிருந்தது. மடிப்பும் இல்லை. ஆனால் எங்கே பார்த்தாலும் கட்டம், புள்ளி, கட்டம்.

"மூஞ்சி எங்கடா?" என்றான் கோவிந்தராஜ்.

"இது மூக்கா?"

"அது காது."

"இவ்ளோ கஷ்டப்பட்டு ஒரு லுங்கி டிசைன் பண்ணியிருக்கோம்" என்றாள் புஷ்பா. ராபியா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஐந்தாக நான்கு நிமிஷம். மடிப்பை மூடிவிட்டோம், அக்காவைக் காணோமே என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் வளையல் சத்தம் கேட்டது. மணி அடிக்கப் புறப்பட்ட கன்னியம்மாள் அங்கிருந்தபடியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஐயே! அது நான்தானே!"

நால்வரும் திரும்பினார்கள்.

"பின்னலைப் பாரு! மூக்கைப் பாரு! ரோட்டைக் காணோம்! அடியே, எப்படிடி பண்ணீங்க?"

"எங்க தெரியுது, அக்கா?" என்றான் கோவிந்தராஜ்.

"கண்ணைப் பொட்டிக்குள்ள வெச்சிக்கினு பாத்தா இன்னா தெரியும்? இங்க வந்து பாருங்கடா."

நால்வரும் வாசலுக்கு ஓடினார்கள். திரும்பிப் பார்த்தார்கள். கட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. பதினான்கு வயதுக் கன்னியம்மாள் கறுப்புத் திரையிலிருந்து அவர்களை நேராகப் பார்த்தாள். மடிப்பு இருந்த இடத்தில் இப்போது கன்னம் இருந்தது. ராபியா சத்தம் போட்டுச் சிரித்தாள். தசரதன் புஷ்பாவை இடித்துக்கொண்டு இன்னொரு அடி பின்னால் போய் நின்று பார்த்தான்.

"புரோகிராம் ஓடிச்சா சார்?" என்று கேட்டாள் ராபியா.

"ஓடிச்சு" என்றார் சார்.

அன்று ஐந்து மணிக்கான மணி ஐந்து ஏழுக்கு அடித்தது. கன்னியம்மாள் வாசலை விட்டு நகரவில்லை.

சனிக்கிழமை காலை மேஜையிலிருந்து ஆறடி தள்ளித் தரையில் தசரதன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். படம் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கோட்டில் நின்று பார்த்தார்கள். ஏழாம் வகுப்புக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு, முட்டை ஓட்டில் விளக்குச் செய்திருந்த ஆறாம் வகுப்புக்குப் போனது.